மரபணுவுக்கு மணி தெரியும்: உடல் கடிகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். அக்கா செவிலியர்; மாதத்தில் பத்து நாளாவது அவளுக்கு நைட் டூட்டி. "ஏன்டா, ராத்திரி மூணு மணி ஆனா மட்டும் எனக்கு இப்படிக் குளிருது? வார்டுல ஃபேன் கூட ஓடல" என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த விஷயத்துக்குள் விழுந்தேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை, அக்காவோடு வேலை பார்ப்பவர்கள் கேட்டவை, பெற்றோர் கூட்டத்தில் வந்தவை என்று சேர்ந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உடல் கடிகாரம் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வதா, நிஜமாகவே உள்ளே ஏதாவது ஓடுகிறதா?

நிஜமாகவே ஓடுகிறது. வெளியே வெளிச்சம் வருவதையும் போவதையும் பார்த்து உயிர்கள் அதற்கேற்ப நடந்துகொள்கின்றன என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பை அசைத்தது ஒரு செடி.

பொழுது சாய்ந்தால் புளிய இலை கூம்பும். நம் ஊரில் இதைப் பார்க்காதவர்கள் இல்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே, அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தினீஸ் இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலை இரவில் மூடிப் பகலில் திறப்பதைக் குறித்து வைத்தார். அது புளியமரம் என்றே கருதுகிறார்கள். ஆனால் சூரியனை மறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தவர் 1729இல் பிரான்ஸைச் சேர்ந்த வானியலாளர் ழான்-ழாக் தெ மெரான். தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். அங்கேயும் அது பகல் நேரத்தில் இலை விரித்தது, இரவில் மூடியது.

போன வருஷம் எங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்தார்கள். தொட்டாற்சுருங்கித் தொட்டியை முந்தின நாள் சாயங்காலம் மர பீரோவுக்குள் வைத்து, கதவிடுக்கைக் கறுப்புத் துணியால் அடைத்தோம். மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்த அந்தக் கணத்திலேயே இலைகள் எல்லாம் விரிந்திருந்தன. "விடிஞ்சிடுச்சுன்னு இதுக்கு யார் சார் சொன்னது?" என்றாள் ஒரு மாணவி. அந்தக் கேள்விக்கு விடை வர மெரானுக்குப் பிறகு 250 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இது மரபணுவில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வாழைப்பழத்தைத் தட்டில் இரண்டு நாள் விட்டால் மொய்க்குமே, அந்தப் பழ ஈயை வைத்து.

பழ ஈ தன் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் விடியற்காலையில். கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் சீமோர் பென்சரும் அவருடைய மாணவர் ரொனால்டு கொனோப்காவும், ரசாயனம் கொடுத்து ஈக்களின் மரபணுக்களில் தாறுமாறாக மாற்றங்களை உண்டாக்கி, பொழுது தப்பிப் பிறக்கும் ஈக்கள் எவை என்று தேடினார்கள். 1971இல் வெளியிட்ட முடிவில் மூன்று வகை ஈக்கள் இருந்தன. ஒரு வகைக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம். இன்னொரு வகைக்கு 28 மணி நேரம். மூன்றாவது வகைக்கு நாள் என்ற கணக்கே இல்லை; நினைத்த நேரத்தில் வெளியே வந்தது. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில். அதற்கு 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு நிமிடம் நிறுத்திவிடுவேன். கண்ணின் நிறத்துக்கு மரபணு இருக்கும், இறகின் வடிவத்துக்கு இருக்கும், சரி. நேரத்தை அளக்கவும் ஒரு மரபணு இருக்கும், அதைத் தட்டினால் நாள் நீளும், குறையும் என்பதை அன்றைக்குப் பலரால் நம்ப முடியவில்லை.

1984இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் குழுவும், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யங் குழுவும் அந்த மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தன. ஆனால் மரபணு கையில் கிடைத்தும், அது எப்படி மணி பார்க்கிறது என்பது பிடிபடவில்லை. 1990இல் பால் ஹார்டின், ஹால், ராஸ்பாஷ் மூவரும், அந்த மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏவின் அளவு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டார்கள். புரதம் பழுதான ஈயில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. அப்படியென்றால், தன்னை உண்டாக்கும் மரபணுவைப் புரதமே திரும்பிப் போய் அடக்குகிறது என்றார்கள். ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

தன்னைத் தானே அடக்கிக்கொண்டால் நின்றுதானே போகும்? எப்படிக் கடிகாரம் ஆகும்?

நல்ல கேள்வி. இதற்கு விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தீ எரிந்தால் பால் பொங்கும். பொங்கி வழிந்த பால் தீயை அணைக்கும். தீ தணிந்ததும் பால் அடங்கும். அடியில் கங்கு இருந்தால், ஈரம் காய்ந்த பிறகு மறுபடி பற்றும், மறுபடி பொங்கும். தீ உண்டாக்கியதே தீயை அணைக்கிறது. நடுவில் நேரம் பிடிப்பதால்தான் அது மாறி மாறி நடக்கிறது.

நம் செல்லுக்குள் தீ மூட்டுகிறவை கிளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள். இரண்டும் கை கோத்துக்கொண்டு டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்து வரிசையைத் தேடி உட்காரும். சி, ஏ, சி, ஜி, டி, ஜி என்பது அந்த வரிசை, 'ஈ-பாக்ஸ்' என்பார்கள். அது எந்த மரபணுவின் வாசலில் இருக்கிறதோ அந்த மரபணு வேலையைத் தொடங்கும். அப்படித் தொடங்குபவற்றில் பெர், கிரை என்ற மரபணுக்களும் உண்டு. பெர் என்பது ஈயிடம் கண்ட அதே பீரியட்டின் உறவு.

பெர், கிரை புரதங்கள் செல்லின் உட்கருவுக்கு வெளியே தயாராகின்றன. ஆனவுடனே உள்ளே போய்விடுவதில்லை. சேர வேண்டும், ஒன்றோடொன்று கூட வேண்டும், இடையில் சில நொதிகள் அவற்றில் பாஸ்பேட்டை ஒட்டி, அழிவுக்குக் குறி போட்டுக்கொண்டே இருக்கும். மூளையின் தலைமைக் கடிகாரத்தில், காலையில் தொடங்கிய உற்பத்தி சாயங்காலத்துக்குப் போதுமான அளவு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் கிளாக்-பிமால்1 ஜோடியைப் பிடித்து நிறுத்துகிறது. தீ அணைந்துவிட்டது; புதிய பெர், கிரை இனி வராது. இருப்பவையும் இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கப்படுகின்றன. விடியும்போது தடுக்க ஆளில்லை. கங்கு பற்றிக்கொள்கிறது.

இதைத் தாங்கிப் பிடிக்க ரெவ்-எர்ப், ஆர்ஓஆர் என்ற புரதங்களால் ஆன இன்னொரு சுற்றும் உண்டு. பிமால்1 எப்போது கூட வேண்டும், எப்போது குறைய வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்கிறது. பாடத்துக்கு முதல் சுற்று போதும்.

ஏன் 24 மணி நேரம்? 20, 30 ஏன் இல்லை?

மேலே சொன்ன தாமதங்களின் கூட்டுத்தொகை அது. முக்கியமாக, பெர் புரதம் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதில் நாளின் நீளம் தங்கியிருக்கிறது. அந்த வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது கேசீன் கைனேஸ் 1 என்ற நொதி.

மனிதர்களுக்குச் சரியாக 24 இல்லை. 1999இல் சார்லஸ் சைஸ்லர் குழு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி அளந்தபோது சராசரியாக 24 மணி 11 நிமிடம் வந்தது. தினமும் காலை வெளிச்சம் பட்டு அந்த 11 நிமிடம் திருத்தப்படுகிறது.

அதே 1999இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சில குடும்பங்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். இரவு ஏழரைக்கெல்லாம் கண் சொக்கும். விடியற்காலை நாலரைக்கு முழுசாக விழிப்பு வந்துவிடும். பாட்டிக்கு இருந்தது மகளுக்கும் பேத்திக்கும் வந்தது. 2001இல் காரணம் தெரிந்தது: பெர் வகைகளில் ஒன்றான பெர்2 புரதத்தில், 662ஆம் இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் கிளைசின். பாஸ்பேட் ஒட்டுகிற இடம் அது. ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஒரு குடும்பமே மூன்று நான்கு மணி நேரம் முன்னால் வாழ்ந்திருக்கிறது.

காய்ச்சல் வந்தால் ரசாயன வினைகள் வேகமாகுமே, கடிகாரமும் வேகமாக ஓடுமா?

ஓடாது. மற்ற வினைகள் சூட்டுக்கு வேகமெடுத்தாலும் இந்தக் கடிகாரத்தின் சுற்று பெரிதாக மாறுவதில்லை. குளிர் ரத்தப் பிராணிகளிலும் செடிகளிலும் அப்படியே. வெயிலுக்கு ஒரு மணி, மழைக்கு ஒரு மணி காட்டினால் அது கடிகாரமே இல்லையே.

உடல் கடிகாரம் மூளையில் இருப்பதாகத்தான் படித்தோம். எல்லா செல்லிலும் இருக்கிறது என்கிறீர்களே?

இரண்டும் சரி. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. எஸ்சிஎன் என்பார்கள். 1972இல் எலியில் அதை அழித்தபோது எலியின் நாள் ஒழுங்கே போய்விட்டது. 1990இல் மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனக்கரும் குழுவினரும் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். பிறவியிலேயே 20 மணி நேர நாள் கொண்ட வெள்ளெலியிடமிருந்து அந்தக் கொத்தை எடுத்து, அது அழிக்கப்பட்ட சாதாரண வெள்ளெலிக்கு வைத்தார்கள். பெற்றுக்கொண்ட எலியின் நாளும் 20 மணி நேரமாயிற்று. கொடுத்தவரின் கடிகாரம் வாங்கியவரிடம் ஓடியது.

அதோடு எல்லோரும் மூளைதான் கடிகாரம், மற்ற உறுப்புகள் அதன் சொல் கேட்பவை என்று முடிவுக்கு வந்திருந்தபோது, 1998இல் ஜெனீவாவில் ஊலி ஷிப்லர் குழு, ஆய்வகத் தட்டில் பல ஆண்டுகளாக வளர்ந்துவந்த எலியின் சாதாரண இணைப்புத் திசு செல்களை எடுத்தது. மூளையையோ கண்ணையோ அவை அறியாதவை. ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை ஒருமுறை நிறையக் கொடுத்ததும், அவற்றின் மரபணுக்கள் 24 மணிக் கணக்கில் ஏறி இறங்கத் தொடங்கின. பிறகு ஜோசப் தகாஹாஷியின் குழு, பெர்2 புரதத்தோடு மின்மினியின் ஒளிரும் புரதத்தைச் சேர்த்து எலியை உருவாக்கியது. அந்த எலியின் கல்லீரலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து இருட்டில் வைத்தால், அது கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து ஒளிர்கிறது. 2004இல் வெளியான அந்த ஆய்வில் சில துண்டுகள் 20 நாள் வரை இப்படி ஒளிர்ந்தன. உடலை விட்டு வெளியே வந்த ஒரு துண்டு கல்லீரல் மூன்று வாரம் நாள் எண்ணிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

ஆக, ஒவ்வொரு செல்லிடமும் சொந்தக் கடிகாரம் உண்டு. எல்லாம் ஒரே நேரம் காட்டும்படி பார்த்துக்கொள்வது மூளையில் உள்ள கொத்து. கோயில் மணி அடித்ததும் ஊரில் எல்லோரும் தங்கள் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வது மாதிரி.

எத்தனை மரபணு இந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது?

நான் படிக்கும்போது ஏதோ பத்துப் பதினைந்து என்று நினைத்திருந்தேன். 2014இல் ஜான் ஹோகனெஷ் குழு எலியின் 12 உறுப்புகளை இரண்டு மணிக்கொரு தரம் எடுத்து ஆராய்ந்தது. புரதம் உண்டாக்கும் மரபணுக்களில் 43 விழுக்காடு ஏதாவது ஓர் உறுப்பிலாவது நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கின. அதிகம் கல்லீரலில். 2018இல் சச்சின் பாண்டா உள்ளிட்ட குழு பபூன் குரங்கின் 64 திசுக்களில் இதைப் பார்த்தது. அங்கே 80 விழுக்காட்டையும் தாண்டியது.

ஒரே உறுப்பில் எல்லாமே ஆடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எலியின் கல்லீரலிலும் இதயத்திலும் தனித்தனியே 8 முதல் 10 விழுக்காடு மரபணுக்கள் நாள் கணக்கில் இயங்குவதை 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் இரண்டுக்கும் பொதுவானவை மிகக் கொஞ்சம். கடிகாரம் ஒன்றேதான். அதைப் பார்த்துக் கல்லீரல் தன் வேலையைச் செய்கிறது, இதயம் தன் வேலையைச் செய்கிறது. கல்லீரலில் சர்க்கரையைச் சேமிப்பது, கொழுப்பைக் கட்டுவது, மருந்தை உடைப்பது போன்றவற்றுக்கு வேண்டிய நொதிகள் அந்தந்த வேளைக்குத் தயாராகின்றன.

இது எப்படி நடக்கிறது என்பதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. டிஎன்ஏ சும்மா நீட்டிக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றி இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கிளாக் புரதம் ஹிஸ்டோனில் அசிட்டைல் சேர்த்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் என்று 2006இல் பாவ்லோ சாசோனி-கோர்சி குழு கண்டது. சுவடிக் கட்டின் கயிற்றைத் தளர்த்தினால்தானே ஏட்டைப் படிக்க முடியும். அதுபோல மரபணுத் தொகுதியின் சில பகுதிகள் தினமும் ஒரு வேளையில் தளர்ந்து, இன்னொரு வேளையில் இறுகுகின்றன. 2012இல் தகாஹாஷி குழு இதைக் கல்லீரலில் விரிவாக ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது: ஏறி இறங்கும் ஆர்என்ஏக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் புதிதாகப் படியெடுப்பதால் ஆடுகிறது. மீதியெல்லாம் எடுத்த படியை எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதைப் பொறுத்தது. கடிகாரம் சுவிட்சை மட்டும் தொடுவதில்லை, அதற்குப் பிந்தைய வேலைகளிலும் அதன் கை இருக்கிறது.

வெளிச்சம் உள்ளே இருக்கும் மூளைக்கு எப்படித் தெரிகிறது? பார்வையற்றவர்களுக்கு?

கண் வழியாகத்தான். ஆனால் பார்ப்பதற்கான செல்கள் வேறு, நேரம் சொல்வதற்கான செல்கள் வேறு. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட நரம்பு செல்கள் கொஞ்சம் உண்டு. நீல ஒளி பட்டால் அவை மூளைக்குச் சொல்லும். 1998இல் அந்த நிறமி முதலில் அகப்பட்டது தவளையின் தோலில். 2002இல் அது மனிதரைப் போன்ற பாலூட்டிகளின் விழித்திரையில் செய்யும் வேலை தெரிந்தது. பார்வை இல்லாவிட்டாலும் இந்தச் செல்கள் நன்றாக இருந்தால் உடல் பகலோடு ஒத்துப்போகும். அவையும் இல்லாதவர்களுக்குத் தூக்கம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சில வாரம் பகலில் வரும், சில வாரம் இரவில் வரும். அவர்கள் படும் பாட்டைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள்.

சாப்பாட்டு வேளைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைக் கேட்கிறது. கல்லீரல் கடிகாரம் சாப்பாட்டைக் கேட்கிறது. 2000இல் ஷிப்லர் குழு, இரவில் மேயும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டது. சில நாளில் கல்லீரலின் மரபணுக்கள் தலைகீழாகிவிட்டன; பகலை இரவாக எண்ணின. மூளையின் கொத்து அசையவே இல்லை. ஒரே உடம்புக்குள் இரண்டு நேரம்.

2012இல் பாண்டாவின் குழு எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனியைக் கொடுத்தது. ஒரு கூட்டம் நாள் முழுக்கக் கொறித்தது. இன்னொரு கூட்டத்துக்கு இரவில் 8 மணி நேரம் மட்டும். இரண்டும் தின்ற அளவு ஒன்றே. நேரம் பார்த்துத் தின்ற கூட்டம் அவ்வளவாகப் பருக்கவில்லை, கல்லீரலும் கெடவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா சாப்பிடுவதும் பகல் ஒரு மணிக்குச் சாப்பிடுவதும் உடம்புக்கு ஒன்றில்லை. மாலைக்கு மேல் அதே உணவுக்கு ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும் என்பது மனிதர்களிடமே பார்க்கப்பட்டது.

நைட் டூட்டி பார்ப்பவர்கள் என்ன செய்வது? பழகிவிடும் என்கிறார்களே?

அக்காவின் கேள்விக்கு வந்துவிட்டோம். அவளுக்குக் குளிர்ந்தது மூன்று மணிக்கு. உடம்பின் உள் வெப்பம் ஒரு நாளில் மிகக் குறைவது விடியலுக்கு முந்தைய அந்த மணிகளில்தான். அந்த நேரத்துக்குப் போர்த்திப் படுத்திருக்க வேண்டும் என்பது அவளுடைய செல்களின் கணக்கு. அவளோ ஊசி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அதிகாலையில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கும், உடம்பை எழுப்ப. அவள் படுக்கப் போகும்போது அது உச்சத்தில் இருக்கும். எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, குக்கர் விசிலுக்கும் காய்கறி வண்டிக்காரர் குரலுக்கும் நடுவில் நாலு மணி நேரம் தூங்குவாள். அதைத் தூக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பெரும்பாலானோருக்கு இது முழுதாகப் பழகுவதில்லை. காரணம், டூட்டி முடிந்து வெளியே வந்ததும் காலை வெயில் கண்ணில் படுகிறது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு பகலில் விழித்திருக்கிறார்கள். மூளையின் கடிகாரம் பழைய இடத்துக்கே இழுக்கப்படுகிறது. இரவில் சாப்பிடுவதால் கல்லீரல் வேறு பக்கம் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலும் மறுபடி 2019இலும் இரவுப் பணியை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்பு உள்ளவை' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. இது பயமுறுத்த அல்ல. இரவில் வேலை பார்த்தவர் எல்லோருக்கும் வரும் என்றும் பொருள் இல்லை. ஆனால் இவர்கள் உடம்பால் ஒரு விலை கொடுக்கிறார்கள் என்பதை வேலை கொடுப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, இடையில் ஓய்வே இல்லை என்று அட்டவணை போடுவது அநியாயம்.

அக்காவிடம் நான் சொன்னவை: டூட்டியின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இரு, திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், அறையை முடிந்தவரை இருட்டாக்கு, நடுராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு டூட்டிக்கு முன்னாலும் பிறகும் சாப்பிடு. கடைசி ஆலோசனைக்குப் பின்னணி உண்டு: 2021இல் பாஸ்டனில், இரவுப் பணி போன்ற சூழலை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்த்தார்கள். இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை கூடியது; பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

என் பையன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூங்குவதில்லை, காலையில் எழுப்பவே முடியவில்லை. ஃபோன்தான் காரணமா?

ஃபோனுக்கும் பங்கு உண்டு. ஆனால் பதின்ம வயதில் கடிகாரம் தானாகவே பின்னுக்கு நகர்கிறது; வளர்ந்த பிறகு மெல்லத் திரும்பும். சிலருக்கு மரபணுவே காரணம். 2017இல் யங்கின் ஆய்வகம் கிரை1 மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டது; அது உள்ளவர்களுக்குத் தீ அணைந்திருக்கும் நேரம் நீள்கிறது, நாளும் நீள்கிறது, தூக்கம் தள்ளிப் போகிறது. ஐந்து மணி டியூஷனில் தலை தொங்கும் பிள்ளையை அடிப்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். காலை வெயிலில் அரை மணி நேரம் நடக்க விடுங்கள், இரவு விளக்கைக் குறையுங்கள்.

மருந்தை எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்பது முக்கியமா?

சில மருந்துகளுக்கு. கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பது இரவில் கூடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துகளில், உடம்பில் சீக்கிரம் தீர்ந்துபோகும் சிம்வாஸ்டாட்டினை இரவில் போடச் சொல்வது அதனால்தான். நீண்ட நேரம் தங்கும் அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலே சொன்ன 2014 ஆய்வில், அமெரிக்காவில் அதிகம் விற்கும் 100 மருந்துகளில் 56 மருந்துகள் இப்படி ஏறி இறங்கும் மரபணுக்களின் புரதங்களையே குறிவைப்பது தெரிந்தது.

காயம் ஆறுவதும் நேரத்தைப் பொறுத்தது என்று 2017இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தீக்காயம் பட்ட 118 பேரின் பதிவேடுகளைப் பார்த்தபோது, பகலில் சுட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 17 நாளிலும் இரவில் சுட்டுக்கொண்டவர்களுக்கு 28 நாளிலும் காயம் ஏறக்குறைய ஆறியிருந்தது. காயத்தை மூட ஓடிவரும் தோல் செல்கள், தங்கள் நகர்வுக்கு வேண்டிய புரதங்களைப் பகலில்தான் ஒழுங்காக அடுக்குகின்றன. அதே ஆண்டில் பிரான்ஸின் லீல் நகர மருத்துவர்கள், பெருந்தமனி வால்வு மாற்றும் அறுவையைப் பிற்பகலில் செய்துகொண்டவர்களுக்கு, காலையில் செய்துகொண்டவர்களைவிடப் பின்விளைவான இதயச் சிக்கல்கள் பாதியாக இருந்ததை வெளியிட்டார்கள். ஆனாலும் நீங்களாக மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள்.

நம் ஊரில் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் மதுரையில். ஜெர்மனியில் உடல் கடிகார ஆய்வின் முன்னோடியான எர்வின் பியூனிங்கிடம் ஆய்வு செய்து திரும்பிய எம். கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். மனிதர்கள் பகல் வெளிச்சமோ கடிகாரமோ இல்லாமல் நாட்கணக்கில் தங்கி ஆய்வுக்கு உட்படும் அறையும் அங்கே இருந்தது. எனக்குப் பிடித்தது அவர்களின் வௌவால் ஆய்வு. மதுரைப் பக்கத்துக் குகையின் இருட்டுக்குள் கூண்டில் வைத்த வௌவால்கள், கூட்டத்தோடு இருந்தால் சரியாகச் சூரியன் மறையும் நேரத்துக்குச் சிறகடித்தன. வெளிச்சம் ஒரு துளியும் இல்லை; சுற்றத்தார் கிளம்பும் சலசலப்பும் திரும்பும் சலசலப்பும்தான் அவற்றுக்கு மணி. கூட்டம் இல்லாத இடத்தில் தனித்து வைத்தால் அவற்றின் நாள் வெளியுலக நாளிலிருந்து நழுவிப் போயிற்று. மாரிமுத்து, ராஜன் ஆகியோரோடு சேர்ந்து சந்திரசேகரன் இதை 1981இல் வெளியிட்டார்.

ரத்தச் சிவப்பணுவில் உட்கருவே கிடையாதே, அதற்கும் கடிகாரம் உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனுக்கு என் பேனாவைக் கொடுத்தேன். உண்டு. மரபணு இல்லை, படியெடுக்க வழி இல்லை. பெர், கிரை சுற்று ஓட இடமே இல்லை. ஆனாலும் 2011இல் ஜான் ஓநீலும் அகிலேஷ் ரெட்டியும் மனித சிவப்பணுக்களை இருட்டில், மாறாத வெப்பத்தில் வைத்துப் பார்த்தபோது, அவற்றுக்குள் பெராக்ஸிரெடாக்சின் என்ற புரதம் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து மீள்வது 24 மணி நேரச் சுற்றாக நடந்தது. அதற்கும் முன்னால், 2005இல், ஜப்பானின் நகோயாவில் தகாவோ கொண்டோ குழு நீலப்பச்சைப் பாசியின் மூன்று புரதங்களை, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியோடு ஒரு சோதனைக் குழாயில் கலந்தது. செல் இல்லை, டிஎன்ஏ இல்லை. அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு ஒருமுறையாகத் தொடர்ந்தது.

அப்படியானால் மரபணுச் சுற்றுக்கு அடியில் இன்னும் பழைய கடிகாரம் ஒன்று நம் செல்களில் ஓடுகிறதா, ஓடினால் இரண்டும் எங்கே பற்களைக் கோத்துக்கொள்கின்றன என்பதுதான் இன்று பல ஆய்வகங்கள் துருவிக்கொண்டிருக்கும் கேள்வி. பேனா வாங்கிய மாணவனும் அதைத்தான் அடுத்துக் கேட்டான்.